ட்யூஷன் ஹால் பூட்டிக் கெடக்கு, மே மாச பணம் பத்தி (கணக்கு கேக்கறவங்களும் முழுசா படிங்க)

மஸ்கட்லேர்ந்து, வலைக்கார வூட்டு மூணாவது பொண்ணு (இப்போ ஊர்ல):

எல்லாருக்கும் வணக்கம். பெரியக்கா பொண்ணுக்கு மஞ்சத்தண்ணி, அதுக்கு தான் லீவு போட்டு வந்தேன், இன்னும் ஒம்போது நாள் இங்க தான். ஃபங்ஷன் நல்லா நடந்துச்சு, சீர்வரிசைல அத்தைங்களுக்குள்ள நடந்தது வேற கதை, அது இங்க வேணாம்.

எழுத வந்தது வெளியூர்ல இருக்கற நாம பணம் போட்டு நடத்தற நம்ம குப்பத்து ட்யூஷன் ஹால் பத்தி. செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சரை இருக்கும், ஹார்பர் பக்கம் போயிட்டு நடந்து வரேன், நம்ம ட்யூஷன் ஹால்ல பூட்டு. படிக்கட்டுல நாலு புள்ளைங்க. பூட்டின கதவு முன்னாடி எதுக்குடா உக்காந்திருக்கீங்கன்னா "இங்க தான் ஆன்ட்டி காத்து வரும்"ங்கறான் ஒருத்தன். ஒரு பொண்ணு, ஆறாவது முடிச்சிருக்கா, "டீச்சர் ஜூன்ல தான் வருவாங்க, ஸ்கூல் லீவுல்ல"ன்னா. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தேன். உள்ள தெர்மாகோல் பொட்டி, மீன் பொட்டி, கூரை வரைக்கும் அடுக்கி வச்சிருக்கு. நம்ம புக் அலமாரி அதுக்குப் பின்னாடி எங்கயோ. கவுச்சி தெருவுக்கே அடிக்குது. யாரோட பொட்டின்னு கேட்டா எல்லாரும் வேற பக்கம் பாக்கறாங்க, சாவி யார்கிட்டன்னு கேட்டா அதுக்கும் அதே தான்.

அந்தப் பொண்ணு கையைப் பாத்தேன். நர்ஸ் வேலை பாக்கறவளுக்கு கை தான் மொதல்ல கண்ணுல படும். விரல் நுனியெல்லாம் வெளுத்து தோல் உரிஞ்சு நகத்தோரம் செவந்து கெடக்கு. இறால் உரிக்கிற கை. நம்ம அம்மாங்க கையெல்லாம் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேணாம். விடியக்காலம் ஆயாவோட போய் பண்ணை இறால் உரிக்கிறாளாம், கிலோ கணக்குல கூலி. சாப்ட்டியான்னேன். "காலைல டீயும் பன்னும்"னா. நான் கேட்டது சாயங்காலம் அஞ்சரைக்கு.

இப்போ கொஞ்சம் பொறுமையா படிங்க. ஏப்ரல் 15 மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சு ஜூன் 14 வரைக்கும் 61 நாள் லாஞ்சு (விசைப்படகு) கரைல தான். முன்னாடி 45 நாளா இருந்ததை 2017ல 61 ஆக்கினாங்க. கவர்மென்ட் ஒவ்வொரு மீனவர் குடும்பத்துக்கும் 8,000 குடுக்குது, முன்ன 5,000. கடன்காரன் வாசல்லயே நின்னு அதை வாங்கிட்டுப் போறான். அதே ஏப்ரல்ல பரீட்சை முடிஞ்சு ஸ்கூல் லீவு, ஸ்கூல் லீவுன்னா சின்னதுங்களுக்கு காலை டிபன் இல்ல, மத்தியானம் சத்துணவும் இல்ல. அப்பன் வருமானம் நிக்குது, ஸ்கூல் சோறு நிக்குது, சரியா அந்த வாரம் பாத்து நாமளும் சாயங்கால சுண்டலை நிறுத்தறோம்! கமிட்டில யாரோ "ஸ்கூலே லீவு, ட்யூஷன் எதுக்கு"ன்னாங்களாம், எல்லாரும் தலையாட்டிட்டாங்களாம். பத்து மாசம் தொறந்து வச்சுட்டு, எந்த ரெண்டு மாசம் அந்தப் புள்ளைங்களுக்கு போக்கிடம் இல்லையோ அந்த ரெண்டு மாசம் பாத்து மூடறோம்.

இன்னொண்ணு, ஸ்கூல் தொறக்கறதும் லாஞ்சு எறங்கறதும் ரெண்டும் ஜூன்ல. எட்டாவது ஒம்போதாவது பசங்க லீவு முழுக்க லாஞ்சுக்கு பெயின்ட் அடிக்க, வலை சரி பண்ணன்னு போறானுங்க, கையில காசு பாத்துடறானுங்க, லாஞ்சு கெளம்பறப்போ சமையலுக்குன்னு அவனும் ஏறிடறான். போன ஜூன்ல ஹால் தொறந்தப்போ மூணு பேர் வரலைன்னு டீச்சர் சொன்னா. எங்கன்னு கேக்கவே இல்ல நான். எட்டு வரைக்கும் ஃபெயில் போட மாட்டாங்க, அது நல்லது தான், ஆனா ஒம்போதாவதுல உக்காந்துகிட்டு தமிழ்ப் பாடத்தை எழுத்துக்கூட்டி படிக்கறவன் அந்த லாஞ்சைப் பாக்காம வேற எதைப் பாப்பான் சொல்லுங்க. வூட்ல உக்காந்து படிக்கலாமேன்னு சொல்றவங்க ஒரு தடவை வந்து பத்துக்குப் பத்து ரூம்ல ஆறு பேர், ஒரு டிவி, தடைக்காலத்துல நாள் பூரா வூட்லயே இருக்கற அப்பன், இதுக்கு நடுவுல உக்காந்து ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. நம்ம ஹால்ல பெருசா ஒண்ணும் இல்ல, ரெண்டு ஃபேன், நாலு ட்யூப் லைட்டு, அதட்டாத ஒரு டீச்சர். அதுக்கே 58 பேர் வந்துட்டிருந்தாங்க.

டீச்சர் யாருன்னு தெரியாதவங்களுக்கு, 2021ல இல்லம் தேடிக் கல்வின்னு கவர்மென்ட் சாயங்கால வகுப்பு திட்டம் வந்தப்போ மாசம் 1,000 ரூபா ஊக்கத்தொகைக்கு அதே படிக்கட்டுல சொல்லிக் குடுத்தாளே நம்ம ஐஸ்கார மாமா பேத்தி, அவ தான். கூட இன்னொரு பொண்ணு.

ஜூன் ரெண்டாவது வாரம் வரைக்கும் 45 நாளுக்கு: டீச்சர் ரெண்டு பேர், ஆளுக்கு மாசம் 6,000, ஒன்றரை மாசத்துக்கு 18,000. சுண்டல் ஒரு நாளைக்கு கடலை ரெண்டரை கிலோ, எண்ணெய் தேங்காய் கேஸ் சேத்து 375, மொத்தம் 16,875. கரண்டு 2,500. இதர 4,000. ஆகக்கூடி 41,375. 8,000 நான் போடறேன். கை ஃபோட்டோ ஒண்ணு இணைச்சிருக்கேன்.

தம்மாம் சித்தப்பா:

அன்புள்ள மகளே, நீ சொன்னது மனசுக்கு கஷ்டமா இருக்கு. ஆனா நான் கேக்க வேண்டியதை கேட்டுட்றேன், அப்புறம் என்னை கல்நெஞ்சக்காரன்னு திட்டுறவங்க திட்டட்டும், பழக்கம் தான்.

ஒண்ணு, "இதர 4,000"னா என்ன? இந்த இதரங்கற வார்த்தையால தான் 2019ல ஷீட்டு கூரை போட்டப்போ 1,85,000 வசூல் ஆகி 1,42,000க்கு மட்டும் பில்லு வந்துச்சு. மீதி 43,000 எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒரு பதில் இல்ல. சுனாமிக்கு அப்புறம் ஹால் கட்டினப்போ செங்கல் கணக்கு கேட்டேன், அதுக்கு என் தம்பி கல்யாணத்துக்கு பாதி தெரு வரல. நான் மறக்கல.

அடுத்தது, இதை எல்லாரும் கவனமா படிக்கணும். ஹாலை நடத்தற நம்ம சங்கம் பதிவு பண்ண சங்கம் தான், ஆனா எஃப்சிஆர்ஏ பதிவு, அதாவது வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான பதிவு, கெடையாது. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறவன் எந்த நாட்டுல சம்பாதிச்சாலும் தன் சொந்த சேமிப்புலேர்ந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் எடுத்துட்டவங்க குடுத்தா, ஓசிஐ கார்டு (வெளிநாட்டு குடிமகனாயிட்ட இந்திய வம்சாவளிக்கு குடுக்கற கார்டு) கையில இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க பதிவு வேணும். பதிவுக்கு முந்தின மூணு வருஷத்துல 15 லட்சம் சேவைக்கு செலவு பண்ணிருக்கணும், டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல அக்கவுண்ட் தொறக்கணும். சுண்டல் போடற நாம 15 லட்சத்துக்கு எங்க போறது? ஆகவே வேடிக்கையைப் பாருங்க, இங்க வெயில்ல கம்பி கட்டறவன் 50 ரியால் குடுக்கலாம், டொராண்டோல ரெண்டு வீடு வாங்கினவர் ஒரு டாலர் குடுக்க முடியாது. அண்ணி அக்கவுண்ட்ல போட்டு அங்கேருந்து மாத்தறேன்னு யாரும் புத்திசாலித்தனம் பண்ண வேணாம், மாட்டினா சங்கமே போயிடும். சங்க அக்கவுண்டுக்கு நேரா போடுங்க, ரசீது வாங்குங்க.

என் பங்கு 5,000. பொட்டி யாருதுன்னு தெரிஞ்சதும் அனுப்பறேன்.

டொராண்டோ:

ரெண்டு வீடு யாரைச் சொல்றாருன்னு எல்லாருக்கும் தெரியும். ஒண்ணு வாடகைக்கு விட்டிருக்கேன், லோன் இன்னும் ஓடுது, அதையும் எழுதுங்க சித்தப்பா.

முதல்ல அந்த ஃபோட்டோவை எடுங்க. கை மட்டும் தான்னு சொல்லாதீங்க, வளையலைப் பாத்தே எந்த வூட்டுப் பொண்ணுன்னு எங்கம்மா ஃபோன்ல சொல்லிட்டாங்க. நாளைக்கு அந்தப் பொண்ணு ஸ்கூலுக்கு போவணும்ல, அவளுக்கு மானம் இல்லையா? நம்ம குப்பத்துப் புள்ளைங்க யார்கிட்டயும் கையேந்தற புள்ளைங்க கெடையாது. 1923ல இந்த நாட்டுல மொத மே தினம் கொண்டாடின சிங்காரவேலர் மீனவர் வூட்டுப் புள்ளை. நமக்கு பக்கத்துல புது வண்ணாரப்பேட்டை ஆட்டோ டிரைவர் பொண்ணு காசிமா, 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்சுட்டு வந்தா. அந்த மாதிரி எழுதுங்க. ஏழ, பாவம், பசின்னு எழுதி எழுதியே ஊரை ஒரு மாதிரி ஆக்கிட்டீங்க.

அந்த ஹால் நிக்கற இடம் எங்கப்பா வலை காயப் போட்ட இடம். ஒரு பேச்சுக்கு கூட பணம் கேக்கல அவரு. அதுல மீன் பொட்டியா?

சிங்கப்பூர், பெரிய நாட்டார் வூட்டு கடைசி பையன்:

டொராண்டோ மாமே, ஃபோட்டோ மேட்டர்ல நீ சொல்றது கரீட்டு. ஆனா பசின்னு எழுதினா இன்னா தப்பு? நாம இன்னா துன்னு வளந்தோம்னு மறந்துட்டியா? கட்டுமரத்த கவுத்துப் போட்டு அதும்மேல குந்திக்கினு அரிக்கேன் வெளக்குல படிச்சோமே, நொண்டி வாத்தியார்கிட்ட, அவரு ஃபீஸா கேட்டாரு? ஞாயித்துக்கிழமைன்னா ரெண்டு சங்கரா இல்லாங்காட்டி கொஞ்சம் நெத்திலி. ஏழு மணிக்கு மேல கண்ணு சொருகுச்சுன்னா இடுப்புத் துண்டுலேர்ந்து பொட்டுக்கடலையும் வெல்லமும் எடுத்து குடுப்பாரு, அத்த வாங்கறதுக்குன்னே நான் தெனமும் தூங்கி வியுவேன். உங்கண்ணன் என் பங்க புடுங்கித் துன்னான், அத்த இன்னும் வச்சிக்கினு தான் கீறேன். இப்போ அந்த மணலு எங்க கீது, கடலு அரிச்சு அரிச்சு அங்கல்லாம் கருங்கல்ல கொட்டி வச்சிக்கீறானுங்க. குந்தி படிக்கணும்னா அந்த ஹாலு தான்.

அப்பால இந்த பொட்டி யாருதுன்னு தெரியாத மாதிரி எல்லாரும் எழுதறீங்களே, அபுதாபில இருக்கறவருக்கு நல்லா தெரியும், அவரயே கேளுங்க. கடலை செலவு முழுசும் என்னுது. நான் இன்னும் இந்தியா பாஸ்போர்ட் தான், சித்தப்பா கவலப்பட வேணாம்.

அபுதாபி:

ஆமா என் மச்சானுது தான். சும்மா வைக்கல. மாசம் 3,000 வாடகை குடுக்கறான்.

தம்மாம் சித்தப்பா:

எந்த அக்கவுண்ட்ல?

அபுதாபி:

கையில குடுத்திருப்பான். கேட்டு சொல்றேன்.

தம்மாம் சித்தப்பா:

எந்த கையில?

மஸ்கட், மூணாவது பொண்ணு:

சித்தப்பா, அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. சாவி கெடச்சிடுச்சு. நேத்து பொட்டிக்காரரோட சம்சாரமே வந்து தொறந்து விட்டாங்க, அவங்க பேரனும் அந்தப் படிக்கட்டுல தான் உக்காந்திருக்கான், எனக்கு அது அப்போ தெரியாது. பாதி பொட்டி மீன்பாடி வண்டில போயாச்சு, மீதி புதன்கிழமைக்குள்ள எடுக்கறேன்னு சொல்லிருக்காங்க. வாடகை யார் கைக்கு போச்சுன்னு அவங்களுக்கும் தெரியலையாம், இல்ல சொல்ல மாட்டேங்கறாங்க. அதை நீங்க கமிட்டில பேசிக்கோங்க, அதுக்காக ஹாலை பூட்டி மட்டும் வைக்காதீங்க.

அலமாரில கீழ் ரெண்டு தட்டு புக்கு நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. மேல் தட்டு பரவால்ல. டொராண்டோ மாமா குடுத்த கேரம் போர்டுல ஒண்ணு நல்லா இருக்கு, இன்னொண்ணு உப்பி நடுவுல மேடு தட்டிருக்கு, அந்த மேட்டு போர்டு தான் வேணும்னு பசங்க சண்டை போடுதுங்க. ஃபோட்டோ விஷயத்துல மாமா சொன்னது நியாயம், நான் யோசிச்சிருக்கணும். மெயில்ல போனதை என்னால எடுக்க முடியாது, எல்லாரும் டெலீட் பண்ணிடுங்க, யாருக்கும் அனுப்பாதீங்க. அந்தப் பொண்ணு அம்மாகிட்ட நேர்ல போய் மன்னிப்பு கேட்டுட்டேன். அவங்க கோவப்படல, "களிம்பு எதாவது இருந்தா குடுமா"ன்னாங்க.

இதரன்னா என்னன்னு கேட்டீங்க: பினாயில், ரெண்டு பக்கெட்டு, வெளக்கமாறு, கேஸ் ரெகுலேட்டர், சிலேட்டு, களிம்பு, பேண்டேஜ், தண்ணி கேன். 1,640 ஆச்சு இதுவரைக்கும், பில்லு எல்லாத்தையும் ஒட்டி ஸ்கேன் பண்ணி அனுப்பறேன்.

நேத்து 31 பேர் வந்தாங்க, அதுல நாலு பேர் அக்காங்க இடுப்புல வந்தவங்க, அவங்களுக்கும் சுண்டல் போட்டுட்டோம், கணக்குல எப்படி எழுதறதுன்னு தெரியல. கடலையை ஊற வைக்க மறந்துட்டா டீச்சர், அதனால மொத நாள் பட்டாணி. அந்தப் பொண்ணு லேட்டா தான் வந்தா, ரெண்டு கப்பு வாங்கினா, ஒண்ணு ஆயாவுக்காம்.

விடியக்கால இறால் வேலை நின்னுடுச்சான்னா இல்ல. அவ அம்மாகிட்ட பேசினேன், ஆயாவுக்கு தனியா முடியாதுங்கறாங்க, தடை முடியட்டும்ங்கறாங்க. ஜூன்ல ஸ்கூலுக்கு அனுப்புவேன்னு சொல்லிருக்காங்க. டீச்சர் வாரா வாரம் போய் பாக்கறேன்னு சொல்லிருக்கா.

இதுவரைக்கும்: என் 8,000, சித்தப்பா 5,000 (பொட்டி யாருதுன்னு தெரிஞ்சாச்சு, அனுப்பிடுங்க), சிங்கப்பூர் 16,875. மொத்தம் 29,875. இன்னும் வேண்டியது 11,500. நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி ஃப்ளைட்டு, அதுக்குள்ள போட்டீங்கன்னா டீச்சர் ரெண்டு பேருக்கும் ஒரு மாச சம்பளத்தை கையிலயே குடுத்துட்டு கையெழுத்து வாங்கிட்டு போயிடுவேன்.