மீன் தொட்டிக்கு வடிகட்டி தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

என்னுடைய தொட்டி 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் கொண்டது. கணக்கின்படி 54 லிட்டர் என்றாலும், மணலும் கற்களும் இட்டு, மேல்விளிம்பில் சற்று இடமும் விட்டபின் 45 லிட்டர் அளவுக்கே நீர் நிற்கிறது. எந்த வடிகட்டி வாங்குவது என்பதற்கு முன்பே எந்த மீன் வளர்ப்பது என்பதை முடிவு செய்துகொண்டது எனக்குப் பெரிதும் உதவியது. நான் விரும்பியது பீட்டா. நீண்ட துடுப்புகளைச் சுமந்து நீந்தும் அந்த மீன் வேகமான நீரோட்டத்தில் ஓய்வின்றிக் களைத்துப்போகும் என்பதால், மோட்டார் வடிகட்டியைத் தவிர்த்து, ஏர் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் வடிகட்டியையே வாங்கினேன்.

பொருத்தும் வேலை எளியதுதான். ஸ்பாஞ்சைத் தொட்டி நீருக்குள் வைத்துப் பலமுறை பிழிந்து காற்றை வெளியேற்றினால் அது மிதக்காமல் அடியில் நிற்கும். ஏர் பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், மின்சாரம் நின்றதும் தொட்டி நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கிவிடும்; ஆகவே குழாயின் நடுவே ஒருவழி வால்வு அவசியம். அதைப் பொருத்துமுன் வாயால் ஊதி, காற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்துக்கொண்டேன்.

காத்திருப்பதுதான் கடினமான பகுதி. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், நைட்ரோஸ்பைரா போன்றவை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட் அந்த அளவுக்குக் கொடியதன்று, வாரந்தோறும் ஒரு பங்கு நீரை மாற்றினாலே கட்டுக்குள் நிற்கும். இந்த பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சில் குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் விடாமலே சிறிதளவு அம்மோனியா சேர்த்து, பரிசோதனைச் சொட்டு மருந்தால் அளந்து வந்தேன். இடையில் நீர் பால்போல் கலங்கியபோது முழுவதையும் கொட்டிவிடும்படி வீட்டில் சொன்னார்கள்; நான் தொடவில்லை, சில நாட்களில் தானாகவே தெளிந்தது. ஆனால் தெளிந்த நீரெல்லாம் பாதுகாப்பான நீர் ஆகாது, ஏனெனில் அம்மோனியாவுக்கு நிறமில்லை. அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து பூச்சியம் காட்டிய பின்னரே பீட்டாவை விட்டேன்.

ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் ஒருபோதும் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் நாம் வாரக்கணக்கில் வளர்த்ததை அழித்துவிடக்கூடும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் மெல்லப் பிழிந்தாலே போதும்.

*

மேலே எழுதிய நண்பர் சொன்னவற்றோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான் வளர்ப்பவை தங்கமீன்கள். அவை மிகுதியாகக் கழிவிடுவதால், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வடிகட்டியைத் தேர்ந்தேன். நீர் முதலில் பஞ்சையும் பிறகு பாக்டீரியாக்கள் குடியேறும் செராமிக் வளையங்களையும் கடக்கும்படி அடுக்கியிருக்கிறேன். அழுக்கு முதலிலேயே தங்கிவிட்டால் வளையங்களின் நுண்துளைகள் அடைபடுவதில்லை. பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் உள்ளே எதுவும் நிரப்பாமல் அளந்ததாகவே பெரும்பாலும் இருக்கும் என்பதால், தொட்டி நீரைப் போல மணிக்கு நான்கு மடங்கு ஓட வேண்டுமென்றால் சற்றுப் பெரியதாகவே வாங்குவது நல்லது.

ஒருமுறை நெடுநேரம் மின்சாரம் இல்லாமற்போனது. மூடிய கேனிஸ்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து, திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அந்த நீர் தொட்டிக்குள் போயிருந்தால் மீன்கள் பிழைத்திருக்குமா என்பது ஐயமே. அதைக் கொட்டி, வளையங்களைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மீண்டும் ஓடவிட்டேன். மீனுக்கு மருந்திடும் நாட்களில், வடிகட்டிக்குள் கரிப் பை வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள். கரி மருந்தை உறிஞ்சிவிடும்.

*

இறால் வளர்ப்பவர்களுக்காக ஒன்று. மோட்டார் வடிகட்டியின் உறிஞ்சுவாய் குஞ்சுகளை உள்ளே இழுத்துவிடுகிறது. அதன்மேல் நுண்ணிய ஸ்பாஞ்ச் உறையை மாட்டிய பிறகு என் தொட்டியில் குஞ்சுகள் காணாமற்போவது நின்றது. உறை விரைவில் அடைத்துக்கொள்ளும் என்பதால், நீர் விழும் வேகம் குறைகிறதா என்று அவ்வப்போது பார்த்து அலச வேண்டும்.