கிராம சபையில் பேசியது தீர்மானப் புத்தகத்தில் இல்லை. என்ன செய்வது?

வரத்துக்கால்:
எங்கள் ஊராட்சி சிவகங்கை மாவட்டத்தில். மக்கள்தொகை இரண்டாயிரம் தாண்டும். 2025 ஜனவரியில் தலைவர் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலர்தான். அக்டோபர் 11 கிராம சபையில், கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லிப் பேசினேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள், செயலரும் "எழுதிக்கிறேன்" என்றார். பிறகு போய்க் கேட்டால் அப்படி ஒரு தீர்மானமே இல்லையாம். கூட்டத்தில் நாற்பது பேர்கூட இல்லை, புத்தகத்தில் நூறுக்கு மேல் கையெழுத்து! நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கே நோட்டைக் கொண்டுபோய் வாங்கியிருக்கிறார்கள். என் அம்மாவும் போட்டிருக்கிறார். இனி கிராம சபைக்குப் போய் என்ன பிரயோஜனம்?

காஞ்சி வாசி:
போகாதீங்க நண்பரே. ஏகனாபுரத்துக்காரங்க 2022 ஆகஸ்ட் 15லிருந்து பரந்தூர் விமான நிலையம் வேண்டாம்னு தீர்மானத்துக்கு மேல தீர்மானம் போடுறாங்க. 2025ல மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதலே கொடுத்தாச்சு. நோட்டுல எழுதினா என்ன, எழுதாட்டி என்ன?

முன்னாள் வார்டு உறுப்பினர்:
தம்பி, நான் மேலூர் பக்கம். 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து அஞ்சு வருஷம் வார்டு உறுப்பினராக இருந்தவள். அந்த நோட்டை எப்படி நிரப்புவாங்கன்னு பக்கத்திலிருந்து பார்த்திருக்கேன். முதல்ல நாலஞ்சு பக்கத்தை வெறுமையா விட்டுருவாங்க. அதுக்கப்புறம் வரிசை எண் போட்டுக் கையெழுத்து. விட்ட பக்கத்துல மேலிடத்துலேர்ந்து வந்த கூட்டப்பொருளை அப்படியே பார்த்து எழுதுவாங்க. உங்க வரத்துக்கால் அதுல எப்படி வரும்? உங்க ஊர் அளவுக்கு 100 பேர் வரணும்னு குறைவெண் விதி இருக்கு, அதுக்காகத்தான் வேலை நடக்குற இடத்துக்கு நோட்டு போகுது.

அதனால பேசுறதோட விடாதீங்க, எழுதிக் கொண்டுபோங்க. சர்வே எண், எந்தக் கண்மாய், எந்த இடத்துலேர்ந்து எந்த இடம் வரைக்கும் அடைச்சிருக்கு, எல்லாம் அதுல இருக்கணும். ரெண்டு பிரதி எடுத்து ஒண்ணைக் கொடுத்துட்டு, இன்னொண்ணுல தேதியோட ஒப்புகை வாங்கிக்கங்க. தீர்மானத்தை எழுதி, எண் போட்டு, சத்தமா வாசிச்ச பிறகுதான் கையெழுத்துன்னு தெருவுல முன்கூட்டியே பேசி வச்சிருங்க. முக்கியமா பெண்கள்கிட்ட. எங்க பக்கம் அந்த நோட்டுல பாதிக்கு மேல பெண்கள் கையெழுத்துதான். உங்க அம்மாகிட்டேயிருந்தே ஆரம்பிக்கலாம். எங்க ஊர்ல ஒரு பாட்டி, கைநாட்டு வைக்கிறவங்க, "வாசி, அப்புறம் மை தொடுறேன்"னு விரலை மடக்கிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. மை டப்பாவை நீட்டிக்கிட்டே நின்ன செயலர் வேற வழியில்லாம நோட்டைப் பிரிச்சு முதல் பக்கத்துலேர்ந்து வாசிச்சார். நின்னுக்கிட்டிருந்த கூட்டம் அப்பத்தான் உட்கார்ந்துச்சு.

போன கூட்டத்துக்கு இப்பவே தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதி தீர்மானப் பதிவேட்டின் சான்றிட்ட நகல், வருகைக் கையெழுத்துப் பக்கங்களின் நகல், இது ரெண்டும் மட்டும் கேளுங்க. "ஏன் எழுதலை"ன்னு கேட்டா பதில் வராது. பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசுக்கு அனுப்புங்க. அவங்களுக்கு உரியது இல்லைன்னா 6(3) பிரிவுப்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாத்தி அனுப்பணும். 30 நாளில் பதில் வரலைன்னா முதல் மேல்முறையீடு.

காஞ்சி அண்ணே, ஏகனாபுரத்து மக்களோட வேதனை எனக்குப் புரியுது. தீர்மானம் ஒண்ணே போதும்னு நான் சொல்லலை. எங்க பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏல முடிவு 2024 நவம்பர் 7ல வந்துச்சு, 2,015 ஹெக்டேர். நவம்பர் 23 கிராம சபையில அரிட்டாபட்டியும் சுத்துப்பட்டு ஊராட்சிகளும் எதிர்த்துத் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9ல சட்டமன்றமும் போட்டுச்சு. ஜனவரி 7ல நரசிங்கம்பட்டியிலேர்ந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் சனம் திரண்டு போச்சு. 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து பண்ணுச்சு. ஊர்வலம்தான் ஜெயிச்சுதுன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா வீடு வீடா ஆள் கூப்பிடப் போனப்ப "இது கட்சிக்காரன் பேச்சா?"ன்னு கேட்டவங்ககிட்ட ஊராட்சித் தீர்மானத்தைத்தான் காட்டினோம். அதுக்கப்புறம் யாரும் அப்படிக் கேட்கலை.

காஞ்சி வாசி:
அக்கா, ஏலத்தை ரத்து பண்ணினது ஒரு ஊர்ல. எங்க பக்கம் நிலம் போயிட்டிருக்கு. உங்க அளவுக்கு நம்பிக்கை எனக்கு இன்னும் வரலை. ஆனா நகலை வாங்கி வச்சுக்கறது நல்லதுதான்.

வரத்துக்கால்:
நன்றி அக்கா. மனு நாளைக்கே போடுகிறேன். அம்மாவிடமும் பேசிவிட்டேன், "இனி வாசிக்கச் சொல்றேன்" என்றார். சர்வே எண்ணை வி.ஏ.ஓ.விடம் கேட்டு வாங்கிவிடலாம். அது வரத்துக்கால்தான் என்று எதை வைத்துக் காட்டுவது?

முன்னாள் வார்டு உறுப்பினர்:
சர்வே எண் கையில இருந்தா வருவாய்த் துறை இணையதளத்துல, நிலம் என்ன வகைன்னு சொல்ற 'அ' பதிவேடு விவரம் பார்க்கலாம், காசு கிடையாது. வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா அந்தப் பக்கத்தை அச்செடுத்து மனுவோட சேர்த்துருங்க. அடுத்த கிராம சபைக்கு அதுல நாலு நகல் கூடுதலா வச்சுக்கங்க, பக்கத்துல உட்கார்றவங்க கையிலயும் இருக்கட்டும்.