வண்டி ஓடும்போது கேரவன் பேட்டரி ஏறவில்லை

ராமநாதபுரத்திலிருந்து தனுஷ்கோடி வரை இழுத்துப் போனாலும் கேரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) பேட்டரியில் சார்ஜ் ஏறுவதில்லை. இழுப்பது 2021 மாடல் பிஎஸ்-6 டீசல் பிக்அப். பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி, ஈய அமில வகை. போன மாதம் இழுக்கும் வண்டியை மாற்றியதிலிருந்துதான் இந்தத் தொல்லை. பழைய வண்டியில் ஒழுங்காக ஏறியது.

கிளப்பியதும் ஆல்டர்னேட்டரில் (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி) 14.2 வோல்ட் காட்டுகிறது. மண்டபம் தாண்டுவதற்குள் 12.7-க்கு இறங்கிவிடுகிறது, வோல்டேஜ் ரிலேயும் (வோல்டேஜைப் பார்த்து இரு பேட்டரிகளையும் இணைக்கும், பிரிக்கும் சுவிட்ச்) துண்டித்துக்கொள்கிறது. ஹெட்லைட்டைப் போட்டால் மீண்டும் இணைகிறது. பட்டப்பகலில் இது என்ன கூத்து!

ஃபியூஸ் மாற்றினேன். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த எர்த் முனைகளைச் சுரண்டினேன். ஃபிரிட்ஜை அணைத்தும் பார்த்தேன். மெக்கானிக் ஒருவர் புது ரிலே போட்டார், காசுதான் போனது. வண்டியிலிருந்து கேரவன் பேட்டரிக்குப் போகும் கேபிள் 4 சதுர மில்லிமீட்டர், 7 மீட்டர் நீளம்.

20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜரை (வண்டியின் வோல்டேஜ் இறங்கினாலும் பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜைத் தரும் கருவி) இந்தக் கேபிளிலேயே பொருத்தலாமா, 16 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியே ஆக வேண்டுமா?