காசு கொடுத்து வாங்கிய கேம், சர்வர் நின்றதும் திறக்கவே இல்லை. இனி எதைப் பார்த்து வாங்குவது?

மூன்றாம்கியர் எழுதியது:

ரொம்ப நாள் கழித்துத் தம்பி வந்திருந்தான். நானும் அவனும் ஆறு வருடமாக ஓட்டிய கார் ரேஸ் கேமைத் திறந்தோம். லோகோ வந்தது, இன்ஜின் உறுமியது, அப்புறம் "சர்வருடன் இணைக்க முடியவில்லை" என்று ஒரே ஒரு வரி. ஓகே அழுத்தினால் மறுபடியும் லோகோ. நாலைந்து தடவை அழுத்திய பிறகுதான் இணையத்தில் தேடினேன். சர்வரை நிறுத்தி மூன்று வாரம் ஆகியிருந்தது. அறிவிப்பு மெயில் விளம்பர மெயில்களுக்கு நடுவில் கிடந்தது.

அதில் எங்களுக்கென்று ஒரு ஆரஞ்சு கார் உண்டு. ஸ்டிக்கர் போடும் இடத்தில் வட்டம், முக்கோணம், கோடு தவிர வேறு எதுவும் கிடையாது. அதை வைத்துத் தம்பி கதவில் 27 என்று எழுதினான். 7 கொஞ்சம் சாய்ந்துவிட்டது. நேராக்கு என்று அவன் எத்தனையோ முறை சொல்லியும் நான் தொடவில்லை. அந்தக் கார் இப்போது எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பத்துப் பேர் சேர்ந்து ஆடும் பகுதி நின்றுபோனால் எனக்கு வருத்தம்தான், ஆனால் புரிந்துகொள்வேன். ஆளே இல்லாத சர்வருக்கு யார் காலமெல்லாம் செலவழிப்பார்கள்? நான் ஓட்டியதில் பெரும்பகுதி தனியாகத்தான். எதிரே வந்ததெல்லாம் கம்ப்யூட்டர் ஓட்டிய கார்கள். ஊர், சாலை, மழை எல்லாம் என் டிஸ்க்கில் இன்னும் அப்படியே இருக்கிறது. பூட்டு மட்டும் அவர்கள் கையில்.

எல்லா நிறுவனமும் லைவ் சர்வீஸ், அதாவது சர்வர் வழியே வருடக்கணக்கில் நடத்தும் கேம், பின்னால் ஓடுவதன் விலை இது என்று நினைக்கிறேன். ஒரு முறை விற்றுவிட்டுப் போவதைவிட சீசன், பேட்டில் பாஸ் (சீசன் பரிசுகளுக்கான கட்டணச் சீட்டு), ஸ்கின் (அலங்காரத் தோற்றம்) என்று வருடக்கணக்கில் வருமானம் வரும் என்ற கணக்கு அவர்களுக்கு. கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2024-இல் கான்கார்ட் என்ற சோனி கேமின் விஷயத்தில் பார்த்தோம். ஆகஸ்ட் 23-இல் வெளியீடு, செப்டம்பர் 6-இல் மூடல். அதிலாவது எல்லோருக்கும் பணம் திரும்பி வந்தது.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். தனியாக ஆடும் பகுதியை மட்டும் விட்டுவைப்பது உண்மையிலேயே அவ்வளவு கஷ்டமா? அப்புறம், இப்படிப்பட்ட கேமை வாங்கும் முன்பே கண்டுபிடிப்பது எப்படி?

---

பின்வாசல் எழுதியது:

ஆன்லைன் கேம்களின் சர்வர் பக்கம்தான் என் வேலை, அதனால் முதல் கேள்விக்குப் பதில் சொல்கிறேன்.

உங்கள் டிஸ்க்கில் இருப்பது ஊரும் சாலையும். உங்களிடம் என்னென்ன கார், எவ்வளவு பணம், எந்த ரேஸ் திறந்திருக்கிறது, ஸ்டிக்கர் எப்படி என்பதெல்லாம் பெரும்பாலும் சர்வரில்தான் இருக்கும். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் கேம் சர்வரைக் கேட்டு, அது சரி என்றால்தான் கணக்கில் ஏறும். ஏமாற்று வேலையைத் தடுக்க இது ஒரு வழி. நிஜப் பணத்துக்கு கேம் பணம் விற்பவர்களுக்கு இந்தக் காவல் இன்னும் அவசியம். இந்த முடிவை முதல் வருடமே எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் பத்து அடுக்கு கட்டிய பிறகு, அடியில் இருப்பதை உருவுவது கஷ்டம்தான்.

மூடும் நேரத்தில் அதை எழுதியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள் என்பது இன்னொரு சிக்கல். பாதிப்பேர் வேறு கேமுக்குப் போயிருப்பார்கள், மீதிப்பேரை வேலையை விட்டு அனுப்பியிருப்பார்கள். ஒரு பெரிய கேமை நிறுத்தும்போது நாங்கள் மூன்று பேர்தான் மிஞ்சியிருந்தோம். சர்வர் இல்லாமல் ஆட வைக்கும் ஆஃப்லைன் பேட்ச் ஒன்று செய்து தரலாமா என்று கேட்டோம். நேரம் ஒதுக்க மறுத்துவிட்டார்கள். இன்றுவரை அது என் மனசில் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

கஷ்டம் என்பதால் முடியாது என்று ஆகிவிடாது. கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் உங்கள் கேம் மாதிரியே ஆன்லைனை நம்பி இருந்த ரேஸ் கேம். 2024 ஜனவரி 31-இல் சர்வரை நிறுத்தினார்கள், ஆனால் தனியாக ஓட்டும் பகுதி ஓட வழி செய்துவிட்டுத்தான் போனார்கள். ரெட்ஃபால் என்ற ஷூட்டர் கேம் இன்னும் பெரிய உதாரணம். அதைச் செய்த ஆர்க்கேன் ஆஸ்டின் ஸ்டூடியோவை மூடப்போவதாக 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதே மாதக் கடைசியில் வந்த இறுதி அப்டேட்டில் ஆஃப்லைன் மோட் இருந்தது. தங்கள் வேலை போகிறது என்று தெரிந்தும் அதை முடித்துக் கொடுத்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

---

பழையகேட்ரிஜ் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். டிஸ்க் வாங்கினால் பிரச்சினை இல்லை என்று முன்பு சொல்வேன். இப்போது அதையும் நம்ப முடியவில்லை. நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 கன்சோலுக்கு வரும் கேம்-கீ கார்டில் முழு கேமே கிடையாது. கார்டைச் செருகி, கேமை டவுன்லோட் செய்ய வேண்டும். சோனியின் பிஎஸ்5 ப்ரோ கன்சோலில் டிஸ்க் போடும் பகுதியையே தனியாகத்தான் வாங்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர் என்றால் முதலில் ஜிஓஜி என்ற ஆன்லைன் கேம் கடையில் தேடுங்கள். இன்ஸ்டாலரை இறக்கி உங்கள் ஹார்டு டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், நாளைக்கு கடையே இல்லாமல் போனாலும் நிறுவிக்கொள்ளலாம். அங்கே இல்லை, இன்னொரு ஆன்லைன் கடையான ஸ்டீமில்தான் என்றால் நான் செய்வது இது. வாங்கியதும் ஒரு முறை ஆன்லைனில் திறந்து மூடுவேன். பிறகு ஸ்டீமை ஆஃப்லைனுக்கு மாற்றி, நெட்டையும் துண்டித்துவிட்டு, புது ஆட்டம் தொடங்கி, சேவ் செய்து, வெளியே வந்து, சேவ் செய்ததை மறுபடி திறப்பேன். எங்கே தடுக்கிறதோ அங்கே தெரிந்துவிடும் பூட்டு யார் கையில் என்று. 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

2024 அக்டோபரிலிருந்து ஸ்டீமின் வாங்கும் பக்கத்திலேயே, நீங்கள் பெறுவது கேம் அல்ல, அதை ஆடும் உரிமம்தான் என்று எழுதிவிட்டார்கள். நேர்மையான வரி. ஆனால் பக்கத்தில் இருக்கும் விலை மட்டும் முழுப் பொருளின் விலையாகவே இருக்கிறது.

---

சனியிரவுஅணி எழுதியது:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் லைவ் சர்வீஸை மொத்தமாகத் திட்டாதீர்கள். நானும் மூன்று நண்பர்களும் எட்டு வருடமாக ஒவ்வொரு சனியும் ஆடுவது ஒரு இலவச ஆன்லைன் கேம்தான். அது இல்லாவிட்டால் நாங்கள் பேசிக்கொள்வதே நின்றிருக்கும். கேம் சாகும்போது ஆஃப்லைன் வடிவம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தால், சின்ன ஸ்டூடியோக்கள் ஆன்லைன் பக்கமே வர மாட்டார்கள். அதோடு நிஜ கார்களை கேமில் காட்ட கார் கம்பெனிகள் தரும் உரிமம் முடிந்துவிட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

---

மூன்றாம்கியர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சனியிரவுஅணி, இலவச கேமைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நான் பேசுவது முழு விலை வாங்கிக்கொண்டு விற்றதைப் பற்றி.

கார் உரிமம் என்ற காரணத்தை நான் ஏற்க மாட்டேன். ஃபோர்ஸா ஹொரைஸன் 4 என்ற ரேஸ் கேமை 2024 டிசம்பரில் கடையிலிருந்து எடுத்தார்கள். புதிதாக யாரும் வாங்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றும் ஓட்டுகிறார்கள். உரிமம் முடிந்தால் விற்பனைதான் நிற்க வேண்டும். சின்ன ஸ்டூடியோவுக்கும் உதாரணம் உண்டு: நாக்அவுட் சிட்டி என்ற ஆன்லைன் கேமை 2023 ஜூனில் நிறுத்திய வெலன் ஸ்டூடியோஸ், ஆடுபவர்களே சர்வர் நடத்திக்கொள்ளும் வடிவத்தை வெளியிட்டது. ஐரோப்பாவில் இதையே கேட்டு நடந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்ததென்றால், எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் வந்த வலி இல்லை இது.

பழையகேட்ரிஜ் சொன்ன சோதனையை நேற்று ஒரு புது ரேஸ் கேமில் செய்து பார்த்தேன். நெட்டைத் துண்டித்து இரண்டு ரேஸ் ஓட்டினேன், சேவ் ஆனது, திறந்தது. வைத்துக்கொள்கிறேன்.

பழைய கேமின் ஃபோல்டர் இன்னும் டிஸ்க்கில் இருக்கிறது, 40 ஜிபிக்கு மேல். அழித்துவிடவா?

---

பின்வாசல் எழுதியது:

அழிக்காதீர்கள். தி க்ரூ என்ற ரேஸ் கேமின் சர்வரை 2024 மார்ச் 31-இல் நிறுத்தினார்கள். ரசிகர்களே தங்கள் சொந்த சர்வரை எழுதி, 2025 செப்டம்பரில் அதை மறுபடி ஓட வைத்தார்கள். வாங்கியவர்கள் ஃபைல்களை அழிக்காமல் வைத்திருந்ததால்தான் அது உதவியது. ஃபோல்டரை இன்னொரு டிஸ்க்கிலும் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். ஆரஞ்சு காரின் ஸ்கிரீன்ஷாட் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். சர்வரில் இருந்த கார் திரும்பி வராது, ஆனால் அதைப் பார்த்து மறுபடி வரைந்துகொள்ளலாம்.