சுரங்க விரிவாக்கம்: நிலத்தடி நீர் அறிக்கையைப் படிக்க உதவி வேண்டும்

வணக்கம். ஆஸ்திரேலியாவில் வொல்லங்காங் பக்கம் இருக்கிறேன். இங்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கக் கேட்டிருக்கிறார்கள். நீரியல் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

லாங்வால் முறையில் (நிலத்தடியில் நீண்ட சுவர்போல நிலக்கரியை வெட்டும் முறை) நிலக்கரியை எடுத்ததும் மேல்பாறை சரியும். விரிசல் ஓடைப் படுகையை எட்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். வராட்டா ஓடையில் பாறை பிளந்து, தண்ணீர் துருநிறமானதே அப்படித்தான். இந்தப் பகுதி சிட்னிக்குக் குடிநீர் தரும் நிலம் வேறு! 2021இல் இங்குள்ள டென்ட்ரோபியம் சுரங்கத்தின் விரிவாக்கத்தை மாநிலத் திட்ட ஆணையம் நிராகரித்தது இந்தக் கவலையால்தான்.

இப்போதைய அறிக்கை நீர்மட்டச் சரிவுக்கு வறட்சியைக் காரணம் காட்டுகிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. மழை அளவையும் பீசோமீட்டர் (நிலத்தடி நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவி) பதிவையும் வைத்து வறட்சியையும் சுரங்கத்தையும் எப்படிப் பிரித்தறிவது? சுரங்கத்துக்குத் தொலைவிலுள்ள ஆழ்துளைக் கிணறுகளோடு ஒப்பிட்டால் போதுமா? ஆட்சேபம் எழுத வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.