செம்பருத்தியை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தால் சிவப்பு செத்துப்போகிறது

மாடித்தோட்டம்:
எங்கள் மாடியில் பூத்த 4 செம்பருத்தியைப் பித்தளைச் சொம்பில் வைத்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். இது மூன்றாவது கேன்வாஸ். வெயில் படும் இதழுக்கு வெள்ளை கலந்தால் ரோஸ் பவுடர் பூசியது போல் ஆகிவிடுகிறது. பிரஷ் இலைப்பக்கம் போனதும் ஒரே சேறு. இதழின் நரம்பு, மகரந்தத் தண்டு என்று சின்னப் பிரஷ்ஷால் திருத்திக்கொண்டே இருக்கிறேன். சாயங்காலத்துக்குள் பூ சுருண்டுவிடுகிறது. மறுநாள் வேறு பூ. எனக்குப் பாடப்புத்தகப் பூ வேண்டாம். காலையில் கதவைத் திறந்து அதைப் பார்த்ததும் மனசு துள்ளுகிறதே, அது படத்தில் வரவேண்டும். என்ன செய்யலாம்?

பழைய பேனர்க்காரன்:
அம்மா, நான் 20 வருஷம் சினிமா பேனர் வரைந்தவன். வெயில் படும் இதழுக்கு வெள்ளை வேண்டாம். காட்மியம் சிவப்பில் துளி மஞ்சள் சேருங்கள். ஆரஞ்சுப் பக்கம் போகும், சூடு குறையாது. நிழலுக்குக் கருப்பைத் தொடாதீர்கள். அலிசரின் கிரிம்சன் என்கிற அடர்சிவப்பில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலம் போதும், ஊதா வரும். கதாநாயகனின் கன்னத்து நிழலுக்கே நான் ஊதாதான் அடிப்பேன்.

சிவப்பும் பச்சையும் ஈரத்தோடு கலந்தால் பழுப்புதான் வரும். இரண்டுக்கும் தனித்தனி பிரஷ் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இழுப்புக்கும் பழைய வேட்டித் துணியில் துடையுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனால் பாதி வித்தை அந்தத் துணியில்தான் இருக்கிறது.

அப்புறம், அந்தச் சின்னப் பிரஷ்ஷை எடுத்து உள்ளே வையுங்கள். ஓர் அங்குல அகலத் தட்டைப் பிரஷ் வாங்குங்கள், பன்றிமயிர் என்றால் நல்லது. முதலில் டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த வண்ணத்தால் பூ, சொம்பு, நிழல் எங்கெங்கே என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓர் இதழுக்கு ஓர் இழுப்பு. அடியில் அழுத்தி ஆரம்பித்து, விளிம்புக்கு வரும்போது கையைத் தூக்கிவிட வேண்டும். பிரஷ் மயிர் பிரிகிற இடத்தில் இதழின் சுருக்கம் தானாக வரும். தப்பாக விழுந்தால் மேலே பூசாதீர்கள். கத்தியால் வழித்துவிட்டுப் புதிதாக இழுங்கள்.

1888 ஆகஸ்டில் பிரான்ஸின் ஆர்ல் நகரில் சூரியகாந்தி வரைந்த ஓவியர் வான்கா, பூ சீக்கிரம் வாடுகிறது, ஒரே மூச்சில் முடிக்கவேண்டும், அதனால் விடிந்ததும் வேலையைத் தொடங்கிவிடுகிறேன் என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். உங்கள் பூவுக்கு ஒரு பகல்தான். 7 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்குப் பிரஷ்ஷைக் கீழே வையுங்கள்.

ஈரத்துணி:
ஐயா சொன்னதோடு இரண்டு விஷயம். சாதாரண அலிசரின் வெளிச்சத்தில் நாளடைவில் வெளிறும். டியூபில் ‘பெர்மனன்ட்’ என்று போட்டிருப்பதை வாங்குங்கள். வண்ணத்தில் இருக்கும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் குவிக்காதீர்கள், தானே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

மாடித்தோட்டம்:
இன்று காலை உட்கார்ந்தேன். முதல் பூவை மூன்று தடவை வழித்தேன். நான்காவது தடவை ஐந்தே இழுப்பு, அப்படியே விட்டுவிட்டேன். கிட்டே போனால் வெறும் வண்ணம், வாசற்படியில் நின்று பார்த்தால் பூ! சொம்பின் கழுத்தில் பூவின் சிவப்பு விழுந்திருப்பதையும் இன்றுதான் கவனித்தேன். பித்தளைக்கு என்ன கலப்பது ஐயா?

பழைய பேனர்க்காரன்:
தங்க பெயின்ட் வேண்டாம் அம்மா. மஞ்சள் ஓக்கர், நிழலில் பர்ன்ட் அம்பர் என்கிற அடர்பழுப்பு, மினுக்குக்கு வெள்ளையில் துளி மஞ்சள். கழுத்தில் விழுந்த அந்தச் சிவப்பை இதழுக்கு எடுத்த பிரஷ்ஷாலேயே வையுங்கள்.