மேயுற மாட்டோட மீத்தேனை அளக்குறதுல சிக்கல், தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, நியூசிலாந்துல ஒரு பால் பண்ணை ஆராய்ச்சில இருக்கேன், புல்வெளில மேயுற கறவை மாடுங்க ஒரு நாளைக்கு எவ்ளோ மீத்தேன் விடுதுனு அளக்கணும் (பின்னாடி விடுறதுனு நெனச்சு எல்லாரும் சிரிக்கிறாங்க, முக்காவாசிக்கு மேல ஏப்பத்துலயும் மூச்சுலயும்தான் வருது). மூடின சேம்பர்ல நிறுத்தி அளக்கலாம், ஆனா அங்க அது மேயாதே. அதனால எஸ்எஃப்6 முறைதான் (கசியுற அளவு தெரிஞ்ச ஒரு வாயுவோட ஒப்பிட்டு மீத்தேனை கணக்கு போடுறது), அந்த வாயு, அதாவது சல்ஃபர் ஹெக்ஸாஃப்ளோரைடு அடைச்ச குட்டி குழாயை 39 டிகிரில வச்சு வாரக்கணக்கா எடை போட்டு தினம் எத்தன மில்லிகிராம் கசியுதுனு பாத்துட்டு மாட்டு வயித்துக்குள்ள விட்டாச்சு, மூக்கு கிட்ட மெல்லிசா ஒரு டியூப், கழுத்துல அந்த மூச்சுக் காத்த மெதுவா இழுத்து சேக்க வேக்குவம் பண்ண டப்பா, 24 மணி நேரத்துக்கு ஒருக்கா மாத்துறோம்.

பிரச்சனை என்னன்னா, டப்பா பாதி நிறைஞ்சு வரணும், சிலது காலைலயே ஃபுல்லாயிடுது, சிலதுல ஒண்ணுமே இல்ல, மழை நாள்ல டியூப்ல தண்ணி ஏறி அடைச்சுக்குது, போதாததுக்கு ஒருத்தி வேலில கழுத்த தேச்சு தேச்சு ரெண்டு டியூபை ஒடச்சுட்டா. 400 கிராம் பக்கம் வர வேண்டிய மாடு 700னு காட்டுது!

தண்ணி ஏறாம இருக்க ஃபில்டரை எங்க வைக்கிறீங்க? சுத்துக் காத்துல ஏற்கனவே இருக்குற வாயுவை கணக்குல கழிக்க வேலில எத்தன டப்பா கட்டுவீங்க, காத்தடிக்கிற பக்கம் மட்டும் போதுமா? குழாய் போட்டு அஞ்சாறு மாசம் ஆச்சு, பழைய கசிவுக் கணக்கையே இன்னும் நம்பலாமா? அடுத்த ரவுண்டு திங்கக்கிழமை, அதுக்குள்ள சொன்னா புண்ணியமா போகும்.